சத்திரசிகிச்சையும் உற்ற துணையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு, அந்நோயைத் தீர்ப்பவன் மற்றொரு கூறு, மருந்து மூன்றாவது, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைக் காலந்தவறாது ஊட்டுபவன் நான்காவது. வைத்தியனையும் மருந்தையும் போற்றாத நாடில்லை. அருகிலிருக்கும் துணைவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணி, ஏனைய மூன்றோடும் ஒரே நிரையில் வைத்தமைதான் நினைந்து பார்க்கத்தக்கது. ஆயுர்வேத நூல்களும் இந்நான்கையும் மருத்துவத்தின் நான்கு பாதங்கள் என்று கூறும்.

இந்த நான்காம் கூற்றின் அருமையைத் தம் வாழ்க்கையிலேயே கண்டறிந்தவர் யாழ்ப்பாணத்துத் தீவக மக்கள். குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் எனப்பட்டது. அனலைதீவு ரொட்டர்டாம் எனப்பட்டது. நயினாதீவு ஹார்லெம் எனப்பட்டது. நெடுந்தீவு டெல்வ்ற் எனப்பட்டது. வேலணையும் புங்குடுதீவும் இன்று தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அவ்வாய்ப்பு இல்லை. புங்குடுதீவின் மேற்கிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு அண்மையில் இருக்கிறது. நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் செல்லவேண்டும். சோளகமும் கச்சானும் கடுமையாக வீசும் நாளில் அந்த ஒரு மணி நேரம் மிக நீண்டது. ஆகவே தீவகத்தில் நோயாளி என்பவர் தனியாக வைத்தியசாலைக்குப் போகிறவர் அல்லர். அவரைத் தாங்கி ஏற்ற ஒருவர், உடன் தங்க ஒருவர், வீட்டையும் ஆடுமாட்டையும் பார்த்துக்கொள்ள இன்னொருவர் என ஒரு சிறு குடும்பமே அந்நோயோடு புறப்படுகிறது.

யாழ்ப்பாண மன்னர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தோன்றியிருந்தன. ஊர்ப் பரியாரியார்கள் குடிநீரும் எண்ணெயும் தந்து நோய் தீர்த்தனர். ஆயினும் உடலைத் திறந்து உள்ளே கைவைக்கும் மேலைச் சத்திரசிகிச்சை அமெரிக்க மிஷன் வைத்தியராலேயே இப்பகுதி மக்களிடையே பரவலாயிற்று. 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையை அடைந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தங்கி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் கூறுவர். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியே. ஸ்கடர் 1836இல் சென்னைக்குச் சென்ற பின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் அப்பணியைத் தொடர்ந்தார்.

அக்காலத்துச் சத்திரசிகிச்சை எத்தகையது என்பதை இன்று கற்பனை செய்வதும் அரிது. மயக்க மருந்து கிடையாது. நோயாளி விழித்திருக்க, நான்கு பேர் அவர் கைகால்களைப் பிடித்திருக்க, வைத்தியர் இயன்ற விரைவில் அறுத்து முடிப்பார். நோயாளியை ஆயத்தஞ் செய்வது என்பது அவர் மனத்தைத் திடப்படுத்துவதாகவே இருந்தது. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்டன் நகர வைத்தியசாலையில் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து கட்டியொன்றை அகற்றிக் காட்டினர். மறு ஆண்டில் குளோரபோமும் வழக்குக்கு வந்தது. நோவற்ற சத்திரசிகிச்சை அன்றுதான் பிறந்தது எனலாம்.

அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளைஞர், பொஸ்டன் நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலே, 1847இல், யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 25. நியூயோர்க்கில் மருத்துவம் கற்றுத் தேறியவர். வட்டுக்கோட்டையில் சிறிது காலம் இருந்துவிட்டு 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டார். அங்கே நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். அவரிடம் கற்றுத் தேறியோர் ஏறக்குறைய 60 பேர்.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர் செல்வதையும், கிராமத்தார் மீண்டும் வைத்தியரின்றி நிற்பதையும் அவர் கண்டார். தமிழிற் கற்பவர் தம் ஊரிலே தங்குவர். நோயாளியின் மொழியில் நோயாளியோடு பேசுவர் என்பது அவர் துணிபு. அமெரிக்கா சென்று 1862இல் மீண்டு வந்தவர், 1864இல் மருத்துவ வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டுமே! உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்றும் பெயர் வழங்கி, மாணவர் துணையோடு பெரும் நூல்களை மொழிபெயர்த்தார். துரூயிற் என்பவரின் சத்திரசிகிச்சை நூல் இரணவைத்தியம் என்னும் பெயரில் 1867ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிரித்தானியாவில் யோசேப்பு லிஸ்டர், புண் அழுகாமற் காக்கும் தம் முறையை மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். உலகத்துச் சத்திரசிகிச்சை புதுப்பிறவி எடுத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டிலேயே தமிழிலும் அத்துறைக்கு ஒரு பெருநூல் கிடைத்தது என்பது பெருமைக்குரிய செய்தி.

இது மொழிப்பற்றுக்காகச் செய்த காரியம் மட்டுமன்று. தன் உடலில் எது வெட்டப்படப் போகிறது, ஏன் வெட்டப்படுகிறது, பின்னர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பவற்றை அறியாத ஒருவர் சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமானவர் ஆகார். வைத்தியர் அறிந்ததை நோயாளி விளங்கும் சொல்லிற் கூறுவதே ஆயத்தத்தின் முதற்படி. கிறீன் 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்ற குறிப்பே தம் கல்லறையில் இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினார்.

கிறீன் மானிப்பாயிற் பணிபுரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1850இல், யாழ்ப்பாண நகரிலும் ஒரு வைத்தியசாலை எழுந்தது. அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் அதற்குக் காரணர். ஆபத்தில் உதவும் நண்பர் என்னும் பொருள்படும் பெயரைக் கொண்ட அறச் சங்கமொன்றின் பெயராலேயே அவ்வைத்தியசாலை வழங்கியது. 1907இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைந்தபின் அது போதனா வைத்தியசாலை ஆயிற்று. இதனிடையே, 1898இல், இணுவிலில் மகளிருக்கென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் தம் உடலைக் காட்டக் கூசிய பெண்கள் பெண் வைத்தியரிடம் அச்சமின்றி வந்தனர். கூச்சம் நீங்கினாலன்றி வைத்தியசாலையின் வாயில் திறந்திருந்தும் பயனில்லை என்பதற்கு இது சான்று.

தீவக மக்களுக்கு இவ்வாயில்கள் யாவும் கடலுக்கு அப்பாலே இருந்தன. போர்க்காலத்தில் அக்கடல் இன்னும் அகன்றது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம், 22ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளரும் வைத்தியரும் தாதியருமாக 60 பேருக்கு மேல் மாண்டனர். நோயாளரை விட்டு நீங்காது நின்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அத்துயரங்களைக் கடந்து அவ்வைத்தியசாலை இன்றும் வடபகுதியின் தலைமை வைத்தியசாலையாக விளங்குகிறது. நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலையும் ஊர்காவற்றுறையில் ஓர் ஆதார வைத்தியசாலையும் உண்டு. ஆயினும் பெரிய சத்திரசிகிச்சை என்றால் இன்றும் படகேறவேண்டியதே.

கிறீன் காலத்து நோயாளர் கட்டியையும் உடைந்த எலும்பையும் அழுகிய காலையும் கொண்டு வந்தனர். இக்காலத்தில் வேறொரு நோய் பெருகியிருக்கிறது. அதுவே அளவுமீறிய உடற்பருமனும் அதனைத் தொடரும் நீரிழிவும். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரும் ஆய்வொன்று வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு எனக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. உணவும் பயிற்சியும் மருந்தும் பயன்படாதபோது, எடை குறைக்கும் சத்திரசிகிச்சை ஒரு வழியாக அமைகிறது. கொழும்பில் அது நடைபெறுகிறது, தமிழ்நாட்டிலும் நடைபெறுகிறது.

இச்சிகிச்சையின் வரலாறு ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிறெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி விலக்கி இணைக்கும் முறையை அறிவித்தனர். எடை குறைந்தது, ஆனால் காலப்போக்கிற் பலருக்கு ஈரல் கெட்டது, சிறுநீரகக் கல் தோன்றியது. அம்முறை கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார். இன்றைய முறைகளுக்கு அதுவே மூலம். 1990களில் சிறு துளைகள் வழியே குழாய்க் கருவிகளைச் செலுத்திச் செய்யும் நுட்பம் வந்தது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையின் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அகற்றி எஞ்சியதை ஒரு குழல் போலாக்கும் முறை. தேர்ந்த நிலையங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

யாருக்கு இது தகும் என்பதற்கும் அளவு உண்டு. கிலோகிராமிற் கண்ட எடையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. 160 சென்ரிமீற்றர் உயரமும் 90 கிலோகிராம் எடையும் உள்ளவருக்கு அது 35ஐச் சற்றே கடக்கும். 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, 40க்கு மேற்பட்டவருக்கும், 35க்கு மேற்பட்டுக் கடும் நோய்களும் உடையவருக்கும் இது தகும் என்றது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு முதலியன தோன்றுவதால், 2022இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் அவர்களுக்கு 27.5இலிருந்தே இதனைக் கருதலாம் என்கிறது. 1991ஆம் ஆண்டுக் குழு இன்னொன்றையும் வற்புறுத்தியது. சத்திரவைத்தியர் ஒருவரே இதனைத் தீர்மானித்தல் ஆகாது. பொதுவைத்தியர், உணவு வல்லுநர், உளநலம் அறிந்தவர் ஆகியோரும் சேர்ந்து ஆராயவேண்டும். நோயாளியை வாழ்நாள் முழுதும் பின்தொடரவேண்டும் என்பதே அது.

ஏனெனில் இது ஏனைய சத்திரசிகிச்சைகளைப் போன்றதன்று. குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்தவர் தையல் ஆறியதும் பழைய வாழ்வுக்குத் திரும்புவார். இங்கே பழைய வாழ்வுக்குத் திரும்பாதிருப்பதே சிகிச்சை. எனவே ஆயத்தம் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. நீரிழிவும் குருதி அமுக்கமும் கட்டுக்குள் வரவேண்டும். புகைத்தலை அறவே விடவேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உண்டோ என்று பார்க்கவேண்டும். நாள்தோறும் நடந்து பழகவேண்டும். சத்திரசிகிச்சைக்கு முந்திய ஏறக்குறைய இரண்டு வாரங்கள் மாப்பொருளும் கொழுப்பும் குறைந்த உணவை உண்ணச் சொல்வர். பருத்தவருடைய ஈரல் கொழுப்பேறிப் பெருத்து இரைப்பையை மூடிக் கிடக்கும்; இவ்வுணவால் அது சுருங்கி வைத்தியரின் கருவிக்கு வழிவிடும். காரணத்தை அறிந்தவர் இந்த இரண்டு வாரத்தைப் பொறுத்துக்கொள்வர். அறியாதவர் கடைசி விருந்தென்று எண்ணி மிகுதியாக உண்டுவிடுவர். இரணவைத்தியத்தைத் தமிழில் எழுதியவரின் நோக்கம் இங்கேயும் பொருந்துகிறது.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் முதலில் நீரும் தெளிந்த சாறும், பின்பு கூழ்ப்பதம், அதன்பின் மென்மையான உணவு, பல வாரம் சென்றே வழமையான உணவு. அதுவும் சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ணவேண்டும். உணவோடு நீர் பருகலாகாது. புரதம் முதலிடம் பெறவேண்டும். தீவகத்தாருக்குக் கடல் தரும் மீன் அதற்கு உற்றது. குடலை மாற்றி இணைத்தவர் பனங்கட்டியும் இனிப்புப் பானமும் மிகுதியாக உட்கொண்டால் வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வரும். இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 முதலியவற்றை வாழ்நாள் முழுதும் கொள்ளவேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிவைக்கவேண்டும். மதுவும் முன்னிலும் விரைவாகத் தலைக்கேறும். ஆகவே அதனைத் தவிர்ப்பதே நன்று.

இத்துணை ஒழுங்கையும் ஒருவர் தனித்து நின்று காத்தல் அரிது. ஒருவருடைய உணவு அவருடையது மட்டுமன்று. வீட்டாருடையது, ஊராருடையது, கோயிலுடையது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் அன்னதானத்துக்குப் பெயர்பெற்றது. கலியாண வீட்டிற் பந்தி விசாரிப்பவர், வேண்டாம் என்ற இலையிலும் ஒரு பிடி சோற்றை வைத்து உபசரிப்பார். அவ்வன்பே இங்கே இடையூறாகும். ஆகவே வீட்டிற் சமைப்பவரும் உடன் உண்பவரும் நோயாளியோடு சேர்ந்து உணவு வல்லுநரிடம் செல்வது ஆயத்தத்தின் ஒரு பகுதி. அவரவர் அளவை அவரவரே வைத்துக்கொள்ள விடுவதும் உபசாரமே என்று வீட்டார் உணர்ந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இன்னொரு பாரம் நாணம். பருத்த உடலினரைச் சோம்பேறி என்றும் வாயடக்கம் இல்லாதவர் என்றும் எள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பசியை ஆளும் சுரப்புகளும், பிறப்பிலே வந்த இயல்பும், உட்கொள்ளும் சில மருந்துகளும் எடையைக் கூட்டுகின்றன என்பது இன்று தெளிந்த உண்மை. ஆயினும் ஏளனத்துக்கு அஞ்சிச் சிலர் இச்சிகிச்சையை உறவினருக்கும் மறைத்துச் செய்துகொள்கின்றனர். மறைத்தவருக்குத் துணையும் இல்லாது போகிறது. பல நாடுகளில் இச்சிகிச்சை பெற்றோர் திங்கள்தோறும் கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். அக்கூட்டங்களுக்குத் தவறாது வருவோர் வாராதவரிலும் மிகுதியாக எடை குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வாறான கூட்டம் அண்மையில் இல்லாதவருக்கு, முன்னரே இவ்வழியிற் சென்ற ஒருவரும், ஏளனஞ் செய்யாத ஓர் உறவினரும், வினாவுக்கு விடையளிக்கும் ஒரு தாதியும் கிடைத்தால் அதுவே ஒரு சங்கம்.

தீவில் வாழ்பவருக்கு ஆயத்தம் இன்னும் சிறிது கூடுதலானது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதற் சில வாரங்களில் இரைப்பைத் தையல் கசிதல், குருதிப் பெருக்கு, காலிலோ நுரையீரலிலோ குருதி கட்டுதல் ஆகிய கேடுகள் நேரலாம். கடும் வயிற்றுநோ, காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை அவற்றின் அறிகுறிகள். இவை தோன்றினால் காலைப் படகுக்குக் காத்திருக்கும் நேரமன்று. ஆபத்து வேளைகளில் நெடுந்தீவிலிருந்து கடற்படைப் படகிலும் உலங்குவானூர்தியிலும் நோயாளர் ஏற்றிச் செல்லப்பட்டதுண்டு. எனினும் அதனையே நம்பியிராது, அந்த வாரங்களை வைத்தியசாலைக்கு அண்மையில் உறவினர் வீட்டிற் கழிப்பது அறிவுடைமை. அவ்வீடு எது, உடன் தங்குபவர் யார், பரிசோதனை நாட்களிற் படகுக்கும் பேருந்துக்கும் ஒழுங்கு என்ன, கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு வேண்டிய மருந்து கையில் உண்டா என்பவற்றையெல்லாம் சத்திரசிகிச்சை நாளைக் குறிப்பதற்கு முன்னரே தீர்த்துக்கொள்ளவேண்டும்.

ஸ்கடர் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஈதர் நோவை நீக்கியது. லிஸ்டரின் முறை புண் அழுகுவதைத் தடுத்தது. குழாய்க் கருவி தழும்பையும் சிறிதாக்கியது. வைத்தியன், மருந்து என்னும் இரு கூறுகளும் அளவிறந்து வளர்ந்துள்ளன. நோயாளியும் துணைவனும் ஆகிய ஏனைய இரு கூறுகளை எந்தக் கருவியும் செய்து தருவதில்லை. விளங்கும் மொழியிற் கூறப்பட்ட உண்மை நோயாளியை ஆயத்தஞ் செய்கிறது. குறிகட்டுவானில் அவருடைய கையைப் பிடித்துப் படகிலிருந்து இறக்குபவர் துணையாகிறார். எடை குறைக்கும் சிகிச்சையை எண்ணியிருப்பவர் நல்ல சத்திரவைத்தியர் யார் என்று விசாரிப்பது இயல்பு. தம்மோடு வரப்போகிறவர் யார் என்பதையும் அன்றே முடிவுசெய்து, அவரையும் அழைத்துக்கொண்டு முதல் ஆலோசனைக்குச் செல்வாராக.